சாயங்கால ஆராதனைய எடுத்துடலாமா? ஞாயிற்றுக்கிழமை நேரம் மாத்தறதுக்கு முன்னாடி நாலு வழியையும் வச்சுப் பார்ப்போம்

எங்க ஊர் கோயில்ல, அதான் சர்ச்சுல, போன மாசம் அறிவிப்பு வாசிக்கும்போது ஐயர், அதாவது எங்க பாஸ்டர், ஒரு விஷயம் சொன்னாங்க, ஜூன்ல இருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தை மாத்தலாமான்னு கமிட்டி யோசிக்குது, சபையாரும் யோசிச்சு வைங்க, அடுத்த மாசம் கூட்டம் போட்டு முடிவு பண்ணிக்கலாம்னு. அவ்ளோதான் சொன்னாங்க. ஆனா அன்னைக்கு ஆராதனை முடிஞ்சு வேப்பமரத்தடியில நின்ன கூட்டம் பன்னெண்டு மணி வரைக்கும் கலையல. எங்க ஆச்சி வீட்டுக்கு வந்தும் சாப்பிட உக்காரல, "சாயங்கால ஆராதனைய எடுத்துட்டா ஞாயித்துக்கிழமை பொழுது சாஞ்சதும் நான் எங்க போவேன்"னு திரும்பத் திரும்ப அதையே கேட்டுட்டு இருந்தாங்க.

அதுக்கப்புறம் பக்கத்து ஊர்ல இருக்கற மதினி ஒருத்தங்க, கோயம்புத்தூர்ல இருக்கற கூட்டாளி ஒருத்தன், ரெண்டு பேரும் இதே கேள்வியோட வந்தாங்க. அவங்க சபையிலயும் இதே பேச்சுதான், எந்தப் பக்கம் கை தூக்கறதுன்னு தெரியல. தனித்தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா நான் யோசிச்சதை ஒரே இடத்துல எழுதிடறேன். நாங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), திருநெல்வேலிப் பக்கம், அதனால எங்க பழக்கத்தை வச்சுத்தான் எழுத முடியும், உங்க சபை வேறயா இருந்தா அதுக்கேத்த மாதிரி மாத்திப் படிச்சுக்கோங்க.

ஒன்னு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். நேரம் மாத்தறது சபைக்கு துரோகம்னு சில பெரியவங்க பேசறாங்க, அது சரியில்ல. பைபிள்ல அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்துல துரோவாங்கற ஊர்ல வாரத்தின் முதல் நாள் கூடினது ராத்திரியில, பவுல் நடுராத்திரி மட்டும் பேசினதுல ஐத்திகுங்கற வாலிபன் ஜன்னல்ல தூங்கி விழுந்தான்னு எல்லாருக்கும் தெரியும். கி.பி. 112 வாக்குல, இப்ப துருக்கியில இருக்கற பித்தினியாவுல கவர்னரா இருந்த பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதின கடிதத்துல, கிறிஸ்தவங்க ஒரு குறிப்பிட்ட நாள்ல விடியறதுக்கு முன்னாடி கூடிப் பாடறாங்க, கலைஞ்சு போயிட்டு மறுபடியும் கூடிச் சேர்ந்து சாப்பிடறாங்கன்னு எழுதியிருக்கார். அப்போ ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, அது 321-ல கான்ஸ்டன்டைன் சட்டம் போட்ட பிறகு வந்தது, அதனால வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. அந்தக் கடிதத்துல இன்னொரு வரியும் இருக்கு, கூட்டம் கூடக்கூடாதுன்னு உத்தரவு போட்டதும் ரெண்டாவது கூட்டத்தை, அதான் சேர்ந்து சாப்பிடற கூட்டத்தை, அவங்க நிறுத்திட்டாங்களாம். அதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரே நினைப்பு, அட்டவணையில எப்ப கை வச்சாலும் முதல்ல காணாமப் போறது அந்த மாதிரி நேரம்தான்.

எதை வச்சு அளக்கறது

நான் நாலு விஷயம் பார்த்தேன்.

முதல்ல, யாரால வர முடியும் யாரால முடியாதுங்கறது. வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க, ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கற ஜவுளிக்கடைப் பிள்ளைங்க, ஷிப்ட்ல இருக்கற நர்ஸுங்க, பஸ்ஸை நம்பி வர்றவங்க. "சபையார் வசதி"ன்னு பொதுவா சொல்லும்போது கமிட்டியில பேசறவங்க வசதி மட்டும்தான் கணக்குல வருது, அதனால பேர் பேரா நினைச்சுப் பார்க்கணும்.

ரெண்டாவது, பிள்ளைங்களுக்கு பைபிள் சொல்லித் தர்ற ஓய்வுநாள் பள்ளி எந்த நேரத்துல போய் உக்காருதுங்கறது.

மூணாவது, ஊழியம் செய்யறவங்க உடம்பு. ஒரு ஐயர் பாத்துக்கற ஊர்களைச் சேகரம்னு சொல்வோம், அதுல நாலஞ்சு ஊர் இருக்கும், ஐயர் ஒருத்தர்தான். சாதாரண ஆராதனைய ஐயருக்கு உதவியா இருக்கற உபதேசியார் நடத்திடுவார், அப்பமும் ரசமும் குடுக்கற திருவிருந்துக்கு ஐயர்தான் வந்தாகணும். அதோட பாடகர் குழு, ஆர்மோனியம் வாசிக்கறவர், மணி அடிச்சு கோயில் பெருக்கற கோயில்குட்டியார், இவங்களையும் சேர்த்துக்கோங்க.

நாலாவதை யாரும் நோட்டீஸ்ல போட மாட்டாங்க, ஆனா எனக்கு இதுதான் பெருசு. ஆராதனைக்கும் ஆராதனைக்கும் நடுவுல, ஆராதனைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு நேரம் இருக்கு பாருங்க, மரத்தடி நேரம். யார் வீட்டுல ஆஸ்பத்திரி, யார் பையனுக்குப் பொண்ணு பாக்காங்க, யாருக்கு பீஸ் கட்டப் பணம் இடிக்குது, எல்லாம் அங்கதான் தெரியவரும். என் தங்கச்சி காலேஜ் பீஸுக்கு முதல் ஐயாயிரம் அந்த மரத்தடியிலதான் எங்க அப்பா கையில வந்துச்சு, கொடுத்தவங்க பேரை இன்னைக்கு வரைக்கும் அப்பா சொன்னதில்ல. அந்த நேரத்துக்கு அட்டவணையில ஒரு வரிகூட கிடையாது, அதனால வெட்டும்போது வெட்டறவங்களுக்கே தெரியாது.

வழி 1: இப்ப இருக்கறபடியே விடறது

காலையில 9 மணி ஆராதனை, மதியம் 3 மணிக்கு ஓய்வுநாள் பள்ளி, சாயங்காலம் 6.30 ஆராதனை. எங்க ஊர்ல எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து இதுதான்.

நான் இதுக்கு ஆதரவா பேசினா அது பாசத்துல பேசறதுன்னு தெரிஞ்சே பேசறேன். மூணு மணிக்கு தேரி மணல் கால்ல சுடும், ஓடி ஓடி நிழல் பார்த்து மிதிச்சு கோயிலுக்குப் போவோம், வசனம் ஒப்பிச்சா படம் போட்ட அட்டை ஒன்னு குடுப்பாங்க, நாலு மணிக்கு முடிஞ்சிடும் ஆனா யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம், கோயில் காம்பவுண்டுலயே கல்லா மண்ணா, கபடி, சண்டை, சமாதானம் எல்லாம், அப்புறம் ஆறு மணிக்கு முதல் மணி அடிச்சதும் அடிபம்புல மூஞ்சி கழுவி அப்படியே உள்ள போய் முன்வரிசையில பாய்ல உக்காந்துருவோம். ஆச்சி கையில டார்ச் லைட்டும் பாமாலைப் புஸ்தகமுமா வருவாங்க. அவங்க சின்னப்பிள்ளையா இருந்தப்போ பெட்ரோமாக்ஸ் விளக்காம், அதுக்கு காத்து அடிச்சுக் குடுக்க பையன்க போட்டி போடுவாங்களாம். நான் பைபிள் கத்துக்கிட்டது மூணு மணி வகுப்புலதான், ஆனா இன்னைக்கும் போன் பண்ணி அழக்கூடிய ஆளுங்க எனக்குக் கிடைச்சது நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவுல.

அந்த 9 மணியும் சும்மா வந்தது இல்ல. பனையேறுறவங்க விடியறதுக்கு முன்னாடி ஏறி பதனீர் இறக்கி, வீட்டுல காய்ச்சக் குடுத்துட்டு, குளிச்சு வர்றதுக்கு அந்த நேரம் தோதா இருந்துச்சுன்னு ஆச்சி சொல்வாங்க. இப்ப எங்க தெருவுல பனையேறுறவங்க ரெண்டே பேர்.

வெளிய தெரியாத செலவு நிறைய இருக்கு. சாயங்கால ஆராதனைக்கு இப்ப பதினஞ்சு இருபது பேர் வந்தா அதிகம். சென்னை, கோவையில வேலை பாக்கற பிள்ளைங்க வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆம்னி பஸ் ஏறணும், அவங்களை வழியனுப்பற குடும்பமும் வராது. மூணு மணி வகுப்புக்கு நீட் கோச்சிங், டியூஷன் எல்லாம் போட்டி. பாடம் சொல்லித் தர்ற அக்காங்க ஆறு நாள் வேலைக்குப் போறவங்க, அவங்களுக்குக் கிடைக்கற ஒரே நாள்ல காலையும் மதியமும் சாயங்காலமும் கோயில்னா துணி துவைக்கறது எப்போ, தூங்கறது எப்போ. 1780-ல இங்கிலாந்துல குளோஸ்டர்ல ராபர்ட் ரெய்க்ஸ் ஓய்வுநாள் பள்ளி ஆரம்பிச்சது வாரம் பூரா வேலைக்குப் போன பிள்ளைங்களுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வுங்கறதுனால, இப்ப எங்க ஊர்ல பிள்ளைங்களுக்கும் சரி டீச்சருக்கும் சரி அந்த ஒரு நாளும் இல்லாமப் போச்சு.

இது யாருக்கு சரியா வரும்னா, எல்லா வீடும் நடந்து வர்ற தூரத்துல இருக்கற சின்ன ஊர், உபதேசியார் ஊர்லயே குடியிருக்கணும், ரிட்டயர் ஆனவங்க அதிகமா இருக்கணும். அப்படி இருந்தா இருபது பேர்தான் வர்றாங்கன்னு எடுக்காதீங்க, அந்த இருபது பேர்ல பாதிப்பேருக்கு அன்னைக்கு வேற மனுஷமுகம் பாக்கற வாய்ப்பு கிடையாது.

வழி 2: காலையில ரெண்டு ஆராதனை, சாயங்காலம் கிடையாது

5.30 அல்லது 6 மணிக்கு முதல் ஆராதனை, 8.30-க்கு ரெண்டாவது. டவுன் கோயில்கள்ல இது பழகிப்போன முறைதான், கமிட்டி முன்வைக்கறதும் இதுதான்.

நல்லது என்னன்னா வேலைக்குப் போறவங்களுக்கு இது பெரிய வரம். ஜவுளிக்கடைக்கு ஒன்பதரைக்கு நிக்க வேண்டிய பிள்ளை 6 மணி ஆராதனைய முடிச்சு, வீட்டுல ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டே கிளம்பிடலாம். என் சித்தி மகள் நர்ஸ், ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்து 8.30 ஆராதனையில உக்காந்துட்டுப் போய் தூங்கறா, சாயங்காலம்னா அவளால முடியவே முடியாது. கோயில் நிரம்பி வழியற இடத்துல கூட்டம் ரெண்டா பிரியும், வெயிலும் தெரியாது.

மறைஞ்சு நிக்கற செலவைச் சொல்றேன். 6 மணிக்குக் கோயில்ல இருக்கணும்னா வீட்டுப் பொம்பளைங்க மூன்றரைக்கு எழும்பணும், இதை ஆம்பளைங்க மட்டும் இருக்கற கமிட்டியில யாரும் சொல்லப் போறதில்ல. அந்த நேரத்துக்கு எங்க ஊருக்கு பஸ் கிடையாது, ஆச்சிமாருங்க இருட்டுல நடக்கணும். பாடகர் குழு ரெண்டு தடவை பாடணும், இல்லேன்னா ரெண்டாப் பிரியணும், எங்ககிட்ட மொத்தமே பதினோரு பேர்.

அதைவிடப் பெருசு, அஞ்சாறு வருஷத்துல சபை ரெண்டாயிடும். டவுன்ல இருக்கற எங்க பெரியப்பா சபையில இது நடந்துச்சு. முதல் ஆராதனைக்காரங்களுக்கு ரெண்டாவது ஆராதனைக்காரங்களை முகம் தெரியும், பேர் தெரியாது. முதல்ல வந்தவங்க வெளிய வர்றதுக்குள்ள அடுத்தவங்க வண்டிய நிறுத்த நிப்பாங்க, மரத்தடியில நின்னு பேச இடமும் கிடையாது நேரமும் கிடையாது. பெரியப்பா நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில கிடந்த விஷயம் கூடவே படிச்ச கூட்டாளிக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, ரெண்டு பேரும் ஒரே கோயில், வேற வேற நேரம்.

குடும்பங்கள் நூத்தைம்பதைத் தாண்டி, டவுனும் வேலையும் கலந்த சபைன்னா இதை எடுக்கலாம். ஆனா மாசத்துல ஒரு ஞாயிறு, திருவிருந்து அன்னைக்கு, ரெண்டையும் சேர்த்து ஒரே ஆராதனையா வைக்கணும்னு அப்பவே தீர்மானத்துல எழுதிடுங்க. பிறகு பாத்துக்கலாம்னு விட்டா அது வராது.

வழி 3: எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிக்கறது

8 மணிக்கு ஓய்வுநாள் பள்ளி, 9-க்கு ஆராதனை, 10.45-ல இருந்து பெண்கள் ஐக்கியமும் வாலிபர் கூட்டமும், 11.30-க்கு எல்லாரும் வீட்டுக்கு. மதியம் முழுக்க ஓய்வு. கேக்கும்போது எனக்கு இதுதான் நல்லதாப் பட்டுச்சு.

இதை ரொம்பப் பெரிய அளவுல செஞ்சு பார்த்தவங்க அமெரிக்காவுல இருக்காங்க, மார்மன்னு நாம சொல்ற பிற்காலப் பரிசுத்தவான்கள் சபை, தலைமை யூட்டா மாநிலத்துல சால்ட் லேக் சிட்டி. அவங்க உபதேசத்துக்கும் நம்ம உபதேசத்துக்கும் ரொம்ப தூரம், நான் அதுக்குள்ள போகல, அட்டவணை விஷயத்துல மட்டும் அவங்க அனுபவத்துல நமக்குப் பாடம் இருக்கு. 1980 வரைக்கும் அவங்களுக்கும் ஞாயிறு காலையில ஆண்கள் கூட்டம், ஓய்வுநாள் பள்ளி, அப்புறம் வீட்டுக்குப் போயிட்டு மறுபடி வந்து திருவிருந்துக் கூட்டம், பெண்கள் சங்கமும் பிள்ளைங்க வகுப்பும் வாரநாள்ல, இப்படிச் சிதறி இருந்துச்சு. அப்போ பெட்ரோல் விலை ஏறிக் கிடந்த காலம், தூரத்துல இருந்து வண்டியில வர்றவங்க அதிகம். போக்குவரத்து குறையும், குடும்பத்துக்கு நேரம் கிடைக்கும்னு சொல்லி 1980 மார்ச் 2-ல இருந்து அமெரிக்காவுலயும் கனடாவுலயும் எல்லாத்தையும் ஞாயிறு மூணு மணி நேரத்துக்குள்ள அடைச்சாங்க.

மறைமுகச் செலவு அங்க என்ன ஆச்சுன்னு பாருங்க. நடுவுல வீட்டுக்கு வந்து சேர்ந்து சாப்பிட்டு, மறுபடி எல்லாருமா கிளம்பிப் போன அந்த ஞாயிறு மதியம், அந்தப் பழைய அட்டவணையில வளர்ந்தவங்க ஏங்கிப் பேசறது அதைத்தான். பள்ளிக்கூடம் விட்டு வாரநாள்ல தனியா பிள்ளைங்க மட்டும் போன வகுப்பும் போச்சு, 1878-ல ஆரம்பிச்ச வகுப்பு அது. ஒரே கட்டடத்தை ரெண்டு மூணு சபை பங்கு போட்டுக்கற இடத்துல வருஷா வருஷம் ஜனவரியில நேரத்தை சுழற்சி மாத்தறாங்க, ஒரு வருஷம் காலை 9 மணின்னா அடுத்த வருஷம் மதியம் 1 மணி வந்தாலும் வரும், குழந்தை தூங்கற நேரமா பார்த்து. சின்னப் பிள்ளைங்க மூணு மணி நேரம் தொடர்ந்து உக்காரறதுங்கறதும் லேசு இல்ல.

நம்ம ஊருக்கு வந்தா, 8 மணிக்கு வகுப்புன்னா பாதிப் பிள்ளைங்க தூக்கத்துல வரும், டீச்சருக்கு மதியம் மிச்சம். பெண்கள் ஐக்கியத்தை ஆராதனையோட ஒட்டினா அடுப்பு நினைப்புலயே உக்காந்திருப்பாங்க, கறி வாங்கிட்டு வந்து வச்சிருப்பாங்க, பதினொன்றரைக்குப் போய் எப்ப ஆக்க. மரத்தடி நேரத்தைப் பொறுத்தவரை எல்லாரும் ஒன்னா வர்றாங்க ஒன்னா போறாங்கங்கறது நல்லதுதான், ஆனா மூணு மணி நேரம் கழிச்சு யாருக்கும் நிக்கற தெம்பு இருக்காது.

சபையார் தூரதூரமா இருந்து வண்டியில, பஸ்ல வர்ற பெருநகரச் சபைகளுக்கு இது நல்ல வழி. பெங்களூருலயோ மும்பையிலயோ தமிழ்ச் சபைக்கு ஒன்றரை மணி நேரம் ரயில்ல வர்ற குடும்பத்தை ஒரே நாள்ல ரெண்டு தடவை வரச் சொல்ல முடியாது. அங்கயும் முடிஞ்ச பிறகு ஒரு சாப்பாடு போட்டுட்டீங்கன்னா பாதிக் குறை தீரும்.

வழி 4: கோயில்ல சுருக்கி, மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பறது

காலையில ஒன்றரை மணி நேரத்துல ஒரே ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, சாயங்காலம் அவங்கவங்க வீட்டுல குடும்ப ஜெபம், முடியாதவங்களுக்கு யூடியூப் நேரலை. எங்க வாலிபர்கள்ல சிலபேர் இதைக் கேக்கறாங்க.

அதே யூட்டாக்காரங்க 2018 அக்டோபர் 6-ஆம் தேதி மாநாட்டுல இதைத்தான் அறிவிச்சாங்க, 2019 ஜனவரியில இருந்து மூணு மணி நேரம் ரெண்டு மணி நேரமாச்சு. அறுபது நிமிஷம் திருவிருந்துக் கூட்டம், பத்து நிமிஷம் இடம் மாற, அம்பது நிமிஷம் வகுப்பு, அந்த வகுப்பும் ஒரு வாரம் ஓய்வுநாள் பள்ளி, அடுத்த வாரம் ஆண்கள் பெண்கள் கூட்டம். குறைச்ச நேரத்துக்கு ஈடா வீட்டுல படிக்க வருஷம் பூராவுக்கும் பாடத்திட்டம் கையில குடுத்துட்டாங்க. ஒன்னு கவனிச்சேன், 1980-ல புதுசுன்னு வருத்தத்தோட பார்க்கப்பட்ட அந்த மூணு மணி நேரம் முப்பத்தொம்பது வருஷம் கழிச்சு போகும்போது, அதுல பிறந்து வளர்ந்தவங்களுக்கு அதுவே பழைய நல்ல காலமா இருந்துச்சு. இப்ப நம்ம கோயில்ல பாய்ல உருளற பிள்ளைங்களுக்கும் நாம எதை முடிவு பண்ணாலும் அதுதான் அவங்க ஞாபகம்.

வீட்டு ஜெபம் எப்படி நடக்கும்னு கொரோனாவுல பார்த்துட்டோம். 2020 மார்ச்சுல பூட்டின கோயில் செப்டம்பர் 1-ல தான் திறந்துச்சு, 2021 ஏப்ரல் கடைசியில ஞாயிறு முழு ஊரடங்கு, 2022 ஜனவரியிலயும் வெள்ளி சனி ஞாயிறு அடைப்பு. அப்போ எங்க வீட்டுல போனை டிபன் பாக்ஸுல சாய்ச்சு வச்சு சுத்தி உக்காந்து ஆராதனை பார்த்தோம், படுக்கையில கிடந்த தாத்தாவுக்கு அது எவ்வளவோ ஆறுதல். ஆனா ஆச்சி ஒரு மாசத்துல விட்டுட்டாங்க, "எனக்கு பக்கத்துல யாரும் பாடல"ன்னு சொன்னாங்க.

வெளிய தெரியாத செலவு முழுக்க வீட்டு மேலதான் விழும். அப்பா அம்மா ரெண்டு பேரும் படிச்சு, ரெண்டு பேரும் வீட்டுல இருக்கற குடும்பத்துல நடக்கும். தனியா இருக்கற ஆச்சிகளுக்கு, குடிக்கற அப்பா இருக்கற வீட்டுப் பிள்ளைக்கு, குடும்பத்துல ஒருத்தர் மட்டும் சபைக்கு வர்ற வீட்டுக்கு "சாயங்காலம் வீட்டுல ஜெபம் பண்ணிக்கோங்க"ன்னு சொல்றது கதவைச் சாத்தற மாதிரி. சின்ன வயசுல எங்ககூட விளையாடின ஒருத்தன் ராத்திரி எட்டரை வரைக்கும் கோயில்லயே இருப்பான், வீட்டுக்குப் போனா அடி விழும்னு, அது எங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

வெளிநாட்டுல, வடநாட்டுல பத்துப் பதினஞ்சு குடும்பமா கூடறவங்களுக்கு இந்த வழி சரி. ஊர்ச் சபைக்கு நேரலையை மட்டும் இதுல இருந்து எடுத்துக்கலாம், படுக்கையில இருக்கறவங்களுக்காக.

பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா

| வழி | யாருக்கு லாபம் | யார் விட்டுப்போவாங்க | மரத்தடி நேரம் |
|---|---|---|---|
| இப்ப உள்ளபடி | வயசானவங்க, பிள்ளைங்க | ஐயர், டீச்சர் உடம்பு தாங்காது, வெளியூர்ப் பிள்ளைங்க | நிறைய |
| காலையில ரெண்டு | வேலைக்குப் போறவங்க, ஷிப்ட்காரங்க | இருட்டுல நடக்க முடியாதவங்க | ரொம்பக் குறைவு, சபை ரெண்டாகும் |
| ஒரே மூச்சு | தூரத்துல இருந்து வர்றவங்க | கைக்குழந்தைக்காரங்க, சமையல் பாக்கறவங்க | சாப்பாடு போட்டா உண்டு |
| சுருக்கறது | நல்ல ஆதரவு உள்ள குடும்பம், படுக்கையில உள்ளவங்க | தனியா இருக்கறவங்க, வீடு சரியில்லாத பிள்ளைங்க | இல்ல |

நான் எதுக்கு கை தூக்கப் போறேன்

ரெண்டாவது வழிக்குத்தான். எனக்கே மனசு கேக்கல, ஆனாலும் அதுக்குத்தான். ஐயருக்கு போன வருஷம் சுகர் ஏறி, ஒரு ஞாயிறு மூணு ஊர் முடிச்சுட்டு சாயங்காலம் எங்க கோயில் படிக்கட்டுல உக்காந்துட்டாங்க, எழும்ப முடியல. அதைப் பார்த்த பிறகு 6.30 ஆராதனை எப்பவும் போல நடக்கணும்னு பிடிவாதம் பிடிக்க என்னால முடியாது.

ஆனா மூணு விஷயம் எழுதிக் குடுத்திருக்கேன். திருவிருந்து ஞாயிறு ஒரே ஆராதனை, முடிஞ்சதும் எல்லாருக்கும் மரத்தடியில டீ. ஓய்வுநாள் பள்ளி ரெண்டு ஆராதனைக்கும் நடுவுல, பிள்ளைங்க முடிச்சுட்டு விளையாட காம்பவுண்டு கேட்டை மதியம் ஒரு மணி வரைக்கும் பூட்டக் கூடாது. மூணாவது, மாசத்துல முதல் ஞாயிறு சாயங்காலம் மட்டும் மைக், பிரசங்கம் எதுவும் இல்லாம அரை மணி நேரப் பாட்டு ஜெபம், பெரியவங்களே நடத்திக்கட்டும், ஐயர் வர வேண்டாம். ஆச்சிகிட்ட சொன்னேன், மாசத்துக்கு ஒன்னா அப்படின்னு கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் மத்த மூணு வாரமும் ஆறு மணி மணியையாவது அடிக்கச் சொல்லு, நான் வீட்டுல இருந்தே பாடிக்கறேன்னாங்க. அதை நாலாவதா சேர்த்து எழுதிட்டேன், கோயில்குட்டியாரைக் கேட்டா நான் அடிக்கறேன் அதுல என்னன்னு சொல்லிட்டார்.

உங்க சபையில முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி நாலு ஞாயிறு, எல்லா ஆராதனைக்கும் எத்தனை பேர், அதுல எத்தனை பேர் தனியா வர்றாங்கன்னு எண்ணிப் பாருங்க, தலை எண்ணிக்கைய மட்டும் கமிட்டியில குடுக்காதீங்க, அந்த ரெண்டாவது எண்ணிக்கையையும் சேர்த்துக் குடுங்க. மாத்தினா மூணு மாசம் வெள்ளோட்டம்னு சொல்லி மாத்துங்க, ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது ஆரம்பிச்சா பிள்ளைங்க புது வழக்கத்தோட சேர்ந்து பழகிடுவாங்க. எங்க ஊர்ல கூட்டம் அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு. அதுவரைக்கும் 6.30 ஆராதனை இருக்கு, இந்த வாரம் ஆச்சிய நான்தான் கூட்டிட்டுப் போறேன், டார்ச்சுக்கு செல் வாங்கணும்.